சீலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பாசி

எங்கள் குடியிருப்பில் என்னைப் ‘பொம்மைக்கார அம்மா’ என்றுதான் சொல்வார்கள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மற்ற வீடுகளில் எல்லாம் நிதி, உள்துறை, ரயில்வே என்று கனமான அமைச்சகங்களில் வேலை பார்த்தவர்கள். நான் ஒருத்திதான் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய், நாள் முழுக்க ஆந்தைக்கு இறகு ஒட்டிவிட்டு வருகிறவள். இதற்கெல்லாமா அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. கொடுத்தது. டில்லியில் ஓர் இயற்கை அருங்காட்சியகத்தில் மாடலராகச் சேர்ந்து, அந்தப் பிரிவின் தலைவியாக ஓய்வு பெற்றேன்.

போன மாதம் அங்கே எனக்குக் கீழே வேலை பார்த்த பெண் போன் செய்தாள். விலங்கை நாலு பக்கமும் படமெடுத்து அப்படியே உருவமாக அச்சடித்துத் தரும் மெஷின் வந்துவிட்டதாம். வர்ணம் மட்டும் அடித்தால் போதுமாம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அச்சு வார்க்கும் ரெசின் நாற்றத்தில் என் மூக்கு போனது போதும், அவர்கள் மூக்காவது பிழைக்கட்டும். ஆனால் அவள் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு.

“மேடம், அந்தப் பழைய சீல் கேஸை, அதான் அந்தக் கடல்நாய்க் கண்ணாடிப் பெட்டிய, எடுக்கலாமான்னு பேச்சு வந்திருக்கு. ஒரே கண்ணாடிக்குள்ள சீலும் பாசியும் ஏன் இருக்குன்னு புது டைரக்டர் கேக்கறார். எங்க யாருக்கும் தெரியல. நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்.”

அதனால் எழுதுகிறேன்.

என் ஆரம்ப வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈரோட்டில் பிறந்தேன், சென்னையில் சிற்பம் படித்தேன், கல்யாணமாகி டில்லிக்கு வந்தேன். களிமண் பிசைந்தேன், பிளாஸ்டர் கரைத்தேன், அச்சு உடைந்தபோதெல்லாம் திட்டு வாங்கினேன். குளிர்காலத்தில் பிளாஸ்டர் காயாது, வெயில் காலத்தில் மெழுகு நிற்காது. டில்லியில் இந்த வேலை செய்ய ஏற்ற மாதம் என்று மார்ச்சைத்தான் சொல்ல வேண்டும். அப்போது ஆடிட் வந்துவிடும்.

வேலை கற்றதைவிட, வேலையைப் பார்க்கக் கற்றதுதான் பெரிது. அது நல்லபெருமாள் சாரிடம். காட்சிப் பிரிவுக்குத் தலைவர். தாவரவியல் படித்தவர், பாளையங்கோட்டைக்காரர். எத்தனையோ வருடம் டில்லியில் இருந்தும் அவருடைய திருநெல்வேலித் தமிழ் கொஞ்சமும் மசியவில்லை. வாக்கியத்தின் கடைசியில் ‘அச்சா’ ஒன்று மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. கழுத்தில் கறுப்பு ஷூ லேஸில் ஒரு சின்ன உருப்பெருக்கி தொங்கும். டை கட்டிய நாட்களில் லேஸும் டையும் பின்னிக்கொள்ளும்.

ஒரு மாடலை முடித்துவிட்டோம் என்று சொன்னால் சார் நின்றுகொண்டு பார்க்கமாட்டார். உயரம் குறைந்த பிரம்பு மோடா ஒன்று வைத்திருந்தார். அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் போட்டு உட்காருவார். உட்கார்ந்தால் அவர் கண் சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு வரும். பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். நன்றாக இருக்கிறது, இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். நான் முதன்முதலாகச் செய்த நாரையைப் பார்த்துவிட்டு, “இது எதப் பாத்துக்கிட்டு நிக்கி?” என்றார். அப்போதுதான் தெரிந்தது, என் நாரை எதையும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கண்ணை அளவு பிசகாமல் பொருத்தியிருந்தேன், பார்வையைப் பொருத்தவில்லை. தலையை அறுத்து எடுத்துப் புதிதாகச் செய்தேன். வீட்டுக்குப் போய் அழவும் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அழிந்துவரும் உயிரினங்களுக்கென்று தனிக் கூடம் ஒன்று அமைக்கச் சொன்னார்கள். நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் பெரிய கேஸில் என்ன வைப்பது என்று விவாதம். இயக்குநர் நிர்வாகத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர். அவருக்கு ஒரு சீல் வேண்டும். சூடான கடல்களில் வாழும் துறவி சீல். உலகத்தில் கொஞ்சம்தான் மிச்சம். பெரிய கண், உருண்டைத் தலை. பிள்ளைகள் பார்த்ததும் உருகிவிடுவார்கள்.

சார் ஒத்துக்கொண்டார். ஆனால் அதே கேஸில், அதே வெளிச்சத்தில், பக்கத்திலேயே ஒரு லைக்கனையும் வைக்க வேண்டும் என்றார்.

லைக்கன் என்றால் நமக்குப் புதிதில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பிரியாணிச் சாமான் வாங்கினால் கல்பாசி போடுகிறார்களே, அந்த ஜாதிதான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். ஒன்று வீடு கட்டுகிறது, ஒன்று சமைக்கிறது. சார் கேட்டது இமயத்துக் குமாவுன் மலையில், பழைய ஓக் மரங்களில் மட்டும் ஒட்டி வளரும் இலை போன்ற ஒரு வகையை. புகை ஆகாது, இளமரம் ஆகாது. முன்பு பல காடுகளில் இருந்தது, அப்போது ஒரு பள்ளத்தாக்கில், அதுவும் ஒரே மரத்தில் இருப்பதுதான் எங்களுக்குத் தெரியும். அதன் பெயரையும் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பறித்து விற்க மூட்டையோடு கிளம்ப ஆள் இருக்கிறது.

“சீலையும் பாசியையும் யாராவது சேத்து வைப்பாங்களா சார்?” என்று நானே கேட்டேன்.

“ரெண்டுக்கும் கத ஒண்ணுதானம்மா. சீலு முன்னால வெட்டவெளி மணல்ல படுத்துக் கெடந்துச்சு. மனுசனுக்குப் பயந்து இப்ப கடல் குகைக்குள்ள போயி குட்டி போடுது. இந்தப் பாசி அத்தன காட்டையும் விட்டுட்டு ஒத்த மரத்துல ஒண்டிக்கிட்டு இருக்கு. அது ஒரு ஈத்துக்கு ஒரு குட்டி. இது வருசத்துக்கு நகக்கண்ணு அளவு வளந்தா பெரிசு. ரெண்டும் நிதானமா வாழுறதுக. நாமதான் ஜல்திக்காரங்க.”

“ஆனா சீலுக்கு முகம் இருக்குதுங்களே சார்.”

“அதனாலதான் பக்கத்துல வைக்கணும்ங்கேன். முகம் இல்லாததுக்கு யாரு அழுவா? அச்சா?”

சீலை நான் செய்தேன். இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் வலை, அதன்மேல் களிமண். களிமண் சீலின் மேல் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வார்த்து அச்சு எடுத்து, அச்சுக்குள் ஃபைபர் கிளாஸ். கண்ணைக் கண்ணாடி ஊரான ஃபிரோசாபாத்தில் சொல்லிச் செய்வித்தோம். மற்ற சீல்களின் மீசை முடிச்சு முடிச்சாக இருக்கும், இதன் மீசை வழுவழுப்பாக இருக்கும். அதற்காக மீன்பிடி நைலான் நரம்பை வாங்கி, நுனியைக் கூராக்கி, ஒவ்வொன்றாக நட்டேன். இத்தனையும் புகைப்படங்களையும் அளவுகளையும் வைத்தே செய்தோம். நிஜ சீல் ஒன்றைக் கொண்டுவந்தால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்போம்.

பாசிக்கு அப்படி இல்லை. செடி கொடி என்றால் அசலைப் பறித்து, காயவைத்து வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். சார் அதே வழக்கப்படி மலையில் இருந்த எங்கள் கள உதவியாளர் நேகியிடம் டிரங்க் காலில் சொன்னார். நேகி அந்த மலையிலேயே பிறந்தவர். எங்களுக்கு விதையும் சருகும் பட்டையும் பத்து வருடமாக அனுப்பி வந்தவர். “கொஞ்சம் எடுத்துட்டு வாங்க நேகி. சீல் பக்கத்துல வைக்கப்போறோம், பாக்க எடுப்பா இருக்கணும்” என்று சார் இந்தியில் சொன்னபோது நான் அதே அறையில் சீலுக்கு மீசை நட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அது தப்பாகப் படவில்லை.

மே மாதம் நேகி வந்தார். தலையில் ஒரு தகரப் பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு. பெட்டிக்குள் செய்தித்தாள் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தோம். இன்னொன்றைப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. பழுப்பும் சாம்பலுமாகச் சுருண்ட இலைகள், சில பட்டையோடு. மேசை நிறைந்துவிட்டது.

“மரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?” என்று சார் கேட்டார்.

நேகி பெருமையாகவே சொன்னார். அவர் சொன்ன இந்தியை இன்றும் அப்படியே சொல்வேன், தமிழில் எழுதுகிறேன். “ஒன்றுகூட விடவில்லை சாகிப். அந்த ஜந்து எருமை அளவு இருக்கும் என்று கேள்விப்பட்டேன். மந்திரி வருவார். அவ்வளவு பெரியதற்குப் பக்கத்தில் எங்கள் மலைப் பொருள் உள்ளங்கை அளவு இருந்தால் எங்களுக்குக் கேவலம் இல்லையா? உச்சிக் கிளை வரை ஏறி எடுத்தேன்.”

சார் மோடாவில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நேகியின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் பாதி போய்விட்டது. ஊர்ப் பெருமைக்காகச் செய்திருக்கிறார். அதைக் கேட்டதும் நாங்கள்தான்.

“நான் எடுப்பா இருக்கணும்னு சொன்னேன்லா” என்றார் சார், தமிழில், யாரிடமும் இல்லாமல். பிறகு எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு துண்டின்மேல் விரலால் நாலு சொட்டுத் தெளித்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார். எனக்கு அது தேவைப்படவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சுருள் மெல்ல விரிந்தது. பழுப்புக்கு அடியிலிருந்து பச்சை வந்தது. வாழைக் குருத்தில் இருக்குமே, அந்தப் பச்சை.

“உசுரு இருக்கு” என்றார் சார். அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

உயிர் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் பிரச்சினை. காய்ந்த நிலையில் அது தூங்கும், சில வாரங்கள் தாங்கலாம். ஆனால் டில்லி வெயிலில், வெளியே ஒவ்வொரு பஸ்ஸும் கரும்புகை கக்கிய காலத்தில், எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பக் கொண்டுபோய் அதே மரத்தில் கட்டினால் ஒட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு என்றார் சார். மழைக்கு முன்னால் கட்ட வேண்டும். அந்த இனம் எங்களுக்குத் தெரிந்தவரை மொத்தமும் எங்கள் மேசையில் இருந்தது.

இயக்குநரிடம் போனோம். பேச்சு இங்கிலீஷில் தொடங்கி இந்தியில் முடிந்தது. வந்தது வந்துவிட்டது, இனித் திருப்பி அனுப்பி என்ன லாபம், திறப்பு விழா தேதி குறித்தாயிற்று, அழகாக வைத்துவிடலாமே என்றார் அவர். நியாயமாகத்தான் பேசினார்.

“யாராவது ஒரு சீலைச் சுட்டு, தோலோடு கொண்டுவந்து கொடுத்திருந்தால் வைத்திருப்பீர்களா?” என்று சார் கேட்டார்.

“சீலும் பாசியும் ஒன்றா, மிஸ்டர் பெருமாள்?”

“ஒன்றில்லை. சுட்ட சீல் செத்த சீல், அதற்கு நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இது இன்னும் சாகவில்லை. அதனால் இதற்கு நாம் செய்ய வேண்டியது அதிகம்.”

இயக்குநர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில், கேஸ் காலியாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை என்றார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வேலைக்காலத்தில் அதைவிடக் கடினமான வேலை வரவில்லை. மாடல் செய்ய அசல் கண்முன் இருக்க வேண்டும். அசல் கண்முன் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்குக் கேடு. ரப்பரில் அச்சு எடுத்தால் துல்லியமாக வரும், ஆனால் அச்சு எடுத்த துண்டு பிழைக்காது.

“ஒரே ஒரு துண்டு நீங்க வச்சுக்கிடுங்க. மத்ததக் கொண்டு போயிருதோம்” என்றார் சார்.

“வேண்டாங்க சார். எது பொழைக்கும், எது பொழைக்காதுன்னு நமக்குத் தெரியாதுங்களே. நான் வெச்சுக்கிட்டதே பொழைக்கறதா இருந்துட்டா?”

அவர் மோடாவை எனக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூலரை நிறுத்திவிட்டு, விசிறிகூட இல்லாமல் வேலை செய்தேன், காற்றில் இலைகள் நொறுங்கிவிடும். காய்ந்த நிறத்துக்குச் சின்னச் சின்ன அட்டைகளில் வர்ணம் கலந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மேடு பள்ளங்களைப் பென்சிலில் வரைந்தேன். ஈர நிறத்துக்கு, வெயில் ஏறுமுன் ஒரு துண்டை ஒரே ஒரு தடவை நனைத்தேன். பச்சை வந்து தங்கி மறுபடி பழுப்பாவதற்குள் கலந்தாக வேண்டும். அந்தத் துண்டிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் கலந்தேன், இதைச் சொல்ல வெட்கமில்லை. நேகி ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு விஷயம் முழுதாகப் புரிந்த பிறகு சாப்பாடே இறங்கவில்லை.

எதைக்கொண்டு கட்டுவது என்று பேச்சு வந்தது. நூல் இறுக்கும், கம்பி துருப்பிடிக்கும். காற்றும் மழையும் உள்ளே போக வேண்டும், பாசி மட்டும் வெளியே விழக் கூடாது. நான் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். பெண்கள் கொண்டைக்குப் போடும் மெல்லிய நைலான் வலை. கடைக்காரப் பையன் எத்தனை பாக்கெட் என்றான், இருப்பதையெல்லாம் கொடு என்றேன். என் தலைமுடியை ஒரு பார்வை பார்த்தான். அப்போதும் எனக்கு எலிவால்தான்.

மூன்று பேரும் மலைக்குப் போனோம். பஸ், பிறகு ஜீப், பிறகு நடை. அந்த மரத்தின் அடியில் போய் நின்றோம். சுற்றியுள்ள மரங்கள் எல்லாம் வேறு வகைப் பாசியும் பெரணியும் உடுத்தி நிற்க, இது மட்டும் பிடுங்கப்பட்ட இடமெல்லாம் வெளிறி நின்றது. நேகி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். எந்தத் துண்டு எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று அவர் கைக்கு நினைவிருந்தது. வடக்குப் பக்கத்தது வடக்கே, நிழலில் இருந்தது நிழலில் என்று சார் கீழிருந்து கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். கைக்கு எட்டிய உயரத்தில் நான் கட்டினேன். பட்டையில் ஈரம் தடவி, பாசியை வைத்து, மேலே கொண்டை வலையை விரித்து, ஓரத்தை மட்டும் இறுகாமல் ஊசி நூலால் தைத்தேன். பொட்டலங்கள் தீர்ந்தபோது மரம் முழுக்கக் கொண்டை வலை மாட்டிக்கொண்டு நின்றது. சிரிக்க வேண்டிய காட்சிதான், எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கீழே இறங்கியதும் சார் நேகியிடம் ஒன்று சொன்னார். அடுத்த வருட மழையும் முடியும்வரை இந்தப் பக்கம் வரக் கூடாது. வந்து வந்து பார்த்தால் தடம் விழும், தடத்தைப் பிடித்துக்கொண்டு கல்பாசி பொறுக்குகிறவர்கள் வருவார்கள். பிடித்திருந்தால் ஓரத்தில் புதிதாக ஒரு வெளிறிய விளிம்பு தெரியும். பிடிக்காவிட்டால் வலைக்குள் தூள்தான் இருக்கும். நேகி தலையை ஆட்டினார்.

டில்லி வந்து மாடலைச் செய்தேன். மெல்லிய மெழுகுத் தாள்களைச் சூடாக்கிச் சுருட்டி, வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து. பாதி காய்ந்ததும் பாதி நனைந்ததுமாக. திறப்பு விழாவுக்கு முன்தினம் சார் மோடாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீலை ஒரு தடவை பார்த்தார், பாசியை வெகுநேரம் பார்த்தார். நான் அவருடைய கேள்விக்காகக் காத்திருந்தேன். கேள்வியே கேட்காமல் எழுந்து போய்விட்டார். அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா நடந்தது. கூட்டம் சீலைப் பார்த்தது. அந்த வருடக் கடைசியில் சார் ஓய்வுபெற்று பாளையங்கோட்டைக்கே போய்விட்டார். மாதம் ஒரு முறையாவது எஸ்.டி.டி.யில் கூப்பிடுவார். உடம்பைப் பற்றி, டில்லிக் குளிரைப் பற்றி, வெங்காய விலையைப் பற்றிப் பேசுவார். பாசியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஆனால் போனை வைக்குமுன் ஒரு நிமிடம் சும்மா இருப்பார். நானும் சும்மா இருப்பேன். அடுத்த மழை வந்தது, மலையில் சாலைகள் அறுந்தன என்று பேப்பரில் படித்தேன். மழை நின்றது. நேகியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. செத்துப்போயிருக்கும், அதைச் சொல்ல வாய் வராமல் இருக்கிறார் என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். மாடல் பாசியில் ஓர் ஓரம் மெழுகு விட்டிருந்தது. கேஸின் பின்கதவைத் திறந்து, சீலின் முதுகுக்குப் பின்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். எல்லாம் வழக்கம்போல சீலைப் பார்த்துக் கூச்சல். கூட்டத்துக்குப் பின்னால் காக்கி உடுப்பில் ஒருவர் வந்து நின்றார். நேகி. என்னை அவர் பார்க்கவில்லை. அவர் சீலைப் பார்க்கவும் இல்லை. குனிந்து மெழுகுப் பாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கூடத்துக் காவலாளி என்று நினைத்து, பிள்ளைகளோடு வந்த டீச்சரம்மா இந்தியில் கேட்டாள். “அண்ணா, இந்தப் பாசியாவது அசலா?”

“இல்லை மேடம், இது பொம்மை” என்றார் நேகி. பிறகு நிமிர்ந்து, வீட்டு மனிதர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். “அசல் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறது. நேற்று முன்தினம்தான் பார்த்துவிட்டு வந்தேன்.”

சீலுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு தூரிகையைப் போட்டுவிட்டு, பாளையங்கோட்டைக்குப் போன் செய்ய ஓடினேன்.